எட்டுப்பட்டை

படவேடு என்ற பெயரைப் புணர்ச்சி இலக்கணம் தெரிந்தவர் எவரிடமாவது கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். மரமும் அடியும் சேர்ந்து மரவடி ஆவதுபோல, படமும் ஏடும் சேர்ந்தால் படவேடு. மகரம் கெடும், வகர உடம்படுமெய் வந்து நிற்கும். விதியில் ஒரு பழுதும் இல்லை. படம் எழுதிய ஏடு என்று பொருள் சொல்லிவிட்டால் கேட்பவருக்கும் இனிக்கும்.

என் அண்ணன் மகள் அப்படித்தான் சொன்னாள். கணினியில் பட்டயப் படிப்பு படிக்கிறாள். மடிக்கணினியைத் திண்ணையில் வைத்துக்கொண்டு, முப்பரிமாண உருவங்கள் வரையும் பாடத்தைச் செய்துகொண்டிருந்தாள். உருவங்களைப் போட்டு வைக்கும் கோப்புறைக்குப் பெயர் ‘பட ஏடு’.

“நம்ம ஊர் பேரே அதானே சித்தப்பா? யோகராமர் கோயில்ல அனுமார் கையில ஏடு வச்சிருக்காரே, அதைப் பாத்துத்தான் பேர் வச்சிருப்பாங்க.”

ராமர் வில் இல்லாமல் யோகத்தில் அமர்ந்திருக்கும் கோயில் அது. எதிரே அனுமன் ஏடும் கையுமாக இருக்கிறார். சின்ன வயதில் பார்த்த சிலையையும் வகுப்பில் படித்த புணர்ச்சியையும் அவளாகவே சேர்த்திருக்கிறாள். அந்த முயற்சியைப் பாராட்டினேன். பெயர்க்காரணம் மட்டும் அதுவல்ல என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், கண்ணமங்கலம் பக்கம், கமண்டல நாகநதி பாயும் ஊர் இது. இன்று வாழைக்கும் ரேணுகாம்பாள் அம்மனுக்கும் பேர்போனது. 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகர். சோழர்களுக்கு அடங்கிய குறுநிலத் தலைவர்களாக இருந்தவர்கள், சோழர் ஓய்ந்தபின் தனியரசு நடத்தினார்கள். அப்போது ஊரின் பெயர் படைவீடு. கல்வெட்டுகள் சொல்லும் பெயர் அதுதான். விஜயநகரத்துப் புக்கரின் மகன் குமார கம்பணன் சம்புவராயரை வென்ற பிறகும் பெயர் மாறவில்லை, ஒரு மாகாணத்தின் பெயராகவே வளர்ந்தது. கம்பணனின் மனைவி கங்காதேவி அந்தப் படையெடுப்பை மதுரா விஜயம் என்று சமஸ்கிருதக் காவியமாக எழுதினார். 1425ஆம் ஆண்டை ஒட்டிய விரிஞ்சிபுரம் கல்வெட்டு ஒன்று, பெண்ணுக்குப் பொன் வாங்கக் கூடாது, கன்னிகாதானமாகவே மணம் நடக்க வேண்டும் என்று படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் கூடி எடுத்த முடிவைப் பதிந்து வைத்திருக்கிறது. வேலூருக்கு அப்பால் இருக்கிற ஊர் விரிஞ்சிபுரம். அதுவரை படைவீட்டின் பெயர் எட்டியிருந்தது.

படைவீடு என்றால் பாசறை, படை தங்குமிடம். விடு என்ற வினை முதல் நீண்டு வீடு ஆயிற்று. சுடு சூடு ஆனதும் கெடு கேடு ஆனதும் இதே வழியில். வீடு என்பது முதலில் கட்டடமே அல்ல. நடந்து வந்தவர் நடையை விட்டுத் தங்குகிற இடம். படைவீடு என்ற கூட்டில் அந்தப் பழம்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. முருகனின் ஆறு படைவீடுகளையும் இப்படித்தான் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். படை என்பது பேச்சில் பட ஆவது நமக்குப் பழக்கம்தான். தலை தல ஆகிறது, மலை மல ஆகிறது. வீடு வேடு ஆனது அவ்வளவு எளிதில்லை. நிலம் நெலம் ஆவதுபோல் குறில் இகரம்தான் எகரமாகத் தளரும். நெடில் அப்படிக் கெடுவது அரிது. மலையடிவாரத்து ஊர் என்பதால் வேடர் என்ற சொல் காதில் ஒலித்து இழுத்திருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே. படைவீடு என்பது ஊகமல்ல, கல்லில் இருக்கிறது.

அவள் முகம் சற்று வாடியது. கோப்புறையின் பெயரை மாற்ற வேண்டாம் என்றேன். படம் என்பதற்கே துணி என்றொரு பழைய பொருள் உண்டு. துணியில் சித்திரம் எழுதினார்கள், துணியின் பெயர் சித்திரத்துக்கு வந்தது. அவள் உருவம் வரைகிற இணையப் பக்கத்தில் அந்த வரைபரப்புக்குக் கான்வாஸ் என்று பெயர். கான்வாஸும் துணிதான், சணல் வகைச் செடியின் பெயரிலிருந்து பிறந்த சொல். இரண்டு மொழிகள் ஒன்றையொன்று கேட்காமலே துணியைப் படமாக்கியிருக்கின்றன. ஊர்ப்பெயர் பொய்த்தாலும் கோப்புறைப் பெயர் பொருத்தமானதுதான்.

அடுத்து அவள் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். த்ரீ.ஜேஎஸ் என்ற நிரல் நூலகத்தில் ஓர் உருளை வரைந்திருந்தாள். ஸ்பெயின்காரர் ரிக்கார்டோ கபெய்யோ 2010இல் பொதுவில் வெளியிட்ட நூலகம் அது. உருளை வேண்டுமென்றால் மேல் ஆரம், கீழ் ஆரம், உயரம் மூன்றையும் கொடுக்க வேண்டும். நான்காவதாக ஓர் எண். பாடத்தில் இருந்தபடி எட்டு என்று கொடுத்திருந்தாள்.

“எட்டுன்னு குடுத்தா பட்டை பட்டையா தெரியுது சித்தப்பா. வட்டமா வரல.”

பட்டை பட்டையாக. அந்த நான்காவது எண்ணுக்கு நூலகம் வைத்திருக்கும் ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்தால் ஆரத்துண்டு, வட்டக்கூறு என்று ஏதாவது வரும். பாடத்திட்டக் குழுவில் நானே உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் எதையாவது எழுதியிருப்பேன். அவள் எதையும் மொழிபெயர்க்கவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னாள்.

திரையில் அவள் கண்ட குறை அந்த நூலகத்துக்கு மட்டும் உரியதல்ல. முப்பரிமாணம் வரையும் பெரும்பாலான நூலகங்கள் வட்டத்தை அறியா. அவற்றுக்குத் தெரிந்தவை புள்ளிகளும் முக்கோணங்களும்தான். எட்டு என்று சொன்னால் சுற்றளவை 45 பாகைக்கு ஒன்றாக எட்டு இடங்களில் குறித்துக்கொள்ளும். மேலே எட்டுப் புள்ளி, கீழே எட்டுப் புள்ளி. நேர்மேலும் நேர்கீழுமாக இருக்கும் இரண்டிரண்டு புள்ளிகளை இணைத்தால் நீண்ட செவ்வகம் ஒன்று கிடைக்கும். அதைக் குறுக்காக வெட்டினால் இரண்டு முக்கோணம். எட்டுச் செவ்வகம், பதினாறு முக்கோணம். உருளையின் உடம்பு அவ்வளவே.

1992இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை அமைப்பில் இதைச் சிக்கனமாக வரைய ஒரு வழி உண்டு. முதல் முக்கோணத்துக்கு மூன்று புள்ளி கொடுத்தால் போதும். அதன்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முக்கோணம் தானாகச் சேரும். மேலும் கீழுமாகப் பதினெட்டுப் புள்ளியைத் தைத்துக்கொண்டே போனால் எட்டுப் பக்க உருளையின் உடம்பு ஒரே ஓட்டத்தில் மூடிவிடும். இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயருக்கு நேரான தமிழ், முக்கோணப் பட்டை. என் அண்ணன் மகள் இதைப் படித்தவளல்ல; ஆனாலும் அவள் வாயில் வந்தது அதே பட்டை.

மறுநாள் காலை அவளை அழைத்துக்கொண்டு ஊருக்குள் இருக்கிற ஒரு சிறு கோயிலுக்குப் போனேன். படவேட்டுக் கோயில்கள் பல மணலில் புதைந்து கிடந்தவை. சில பத்தாண்டுகளுக்கு முன்பிருந்து ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். நாங்கள் போன மண்டபத்தில் வெயில் சாய்வாக விழுந்திருந்தது. தூணின் அடி சதுரம். அதற்கு மேலே மூலைகள் செதுக்கப்பட்டு எட்டுப் பக்கம். பிறகு மறுபடியும் சதுரம். வெயில் பட்ட பக்கம் மஞ்சள், அடுத்தது வெளிர் சாம்பல், அதற்கடுத்தது கறுப்பு. ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக ஒளி வாங்கியது.

அவள் தூணைத் தொட்டு எண்ணினாள். “எட்டுப்பட்டை” என்றாள்.

கோயில் கட்டடக்கலை எழுதுகிறவர்கள் எத்தனையோ காலமாகக் கையாளும் சொல் அது. தூணின் இரு சதுரங்களுக்கு நடுவிலுள்ள பகுதிக்குக் கட்டு என்று பெயர். கட்டு எட்டுப்பட்டையாகவோ பதினாறு பட்டையாகவோ இருக்கும். சதுரம், கட்டு, சதுரம் என்ற இந்த அமைப்பு படவேட்டுக்கு எவ்வளவோ முந்தியது. இதே திருவண்ணாமலை மாவட்டத்துச் சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலில் 7ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. கோயிலின் அடித்தளத்திலும் பட்டை உண்டு. குமுதம் என்ற உறுப்பு உருண்டிருந்தால் உருள்குமுதம், மூன்று முகமாக வெட்டியிருந்தால் முப்பட்டைக் குமுதம், எட்டானால் எண்பட்டைக் குமுதம். லிங்கத்தில் இது இன்னும் தெளிவு: அடியில் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே உருளை. நான்கு எட்டாகி, எட்டு வட்டமாகும் கதையை ஒரே கல் சொல்கிறது.

உளியால் சதுரக் கல்லை வட்டத் தூணாக்க வேறு வழியில்லை. கல்லில் காம்பஸ் வைத்து வட்டம் போடலாம். உளி வட்டமாக வெட்டாது. முதலில் நான்கு மூலையைச் சீவினால் எட்டு. அந்த எட்டு விளிம்பையும் சீவினால் பதினாறு. பிறகு முப்பத்திரண்டு. ஒன்றரை அடி அகலச் சதுரத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்திலும் இரு ஓரத்தில் ஐந்தேகால் அங்குலம் விட்டு, நடுவில் ஏழரை அங்குலம் நிறுத்தி மூலைகளை வெட்டினால் எட்டுப் பக்கமும் ஏறத்தாழச் சமமாக வரும். உள்ளே ஒளிந்திருக்கும் வட்டத்துக்கு வெளியே, சதுர மூலையில் மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கல் மிஞ்சி நிற்கும். எட்டுப்பட்டையில் மிச்சம் முக்கால் அங்குலம். பதினாறில் நாலரை மில்லிமீட்டர். முப்பத்திரண்டில் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதற்குமேல் தேய்ப்புக் கல் பார்த்துக்கொள்ளும்.

திரையிலும் இதே கணக்கு, ஆனால் எதிர்த்திசையில். சிற்பி வெளியிலிருந்து உள்ளே வருகிறார். கல் குறைந்துகொண்டே வட்டத்தைத் தொடுகிறது. நிரலோ வட்டத்தின் மேல் புள்ளி வைத்து நேர்கோட்டால் இணைக்கிறது. அதனால் அதன் பக்கங்கள் வட்டத்துக்கு உள்ளே தாழ்ந்து கிடக்கின்றன. திரையில் நூறு புள்ளி ஆரமுள்ள வட்டம் என்றால் நான்கு பக்கத்தில் 29 புள்ளி பள்ளம் விழும், எட்டில் ஏழரைக்கு மேல், பதினாறில் இரண்டுக்கும் குறைவு, முப்பத்திரண்டில் அரைப் புள்ளிக்கும் குறைவு. அரைப் புள்ளிப் பிழை கண்ணுக்குப் பிடிபடாது. த்ரீ.ஜேஎஸ்காரர்கள் எண் எதுவும் கொடுக்காதபோது முன்பு எட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அதை முப்பத்திரண்டாக்கினார்கள். மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்து தாளில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது அவளுக்கு வந்த சந்தோஷம் எனக்கும் வந்தது.

சொல்லுக்கு வருகிறேன். படவேடு என்ற பெயரில் ஓசையை நம்பி ஏமாந்தோம். அதே தவறைப் பட்டையில் செய்யக் கூடாது. எந்தப் பட்டை எதற்கு உறவு என்று பொருளை வைத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அண்ணன் தோட்டத்தில் தார் வெட்டிய வாழைமரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. அரிவாளால் குறுக்கே வெட்டிக் காட்டச் சொன்னேன். பார்வைக்குத் தூண்போல் உருண்ட மரம். வெட்டுவாயில் பார்த்தால் ஒன்றையொன்று தழுவிய பட்டைகள்தான். ஒவ்வொன்றாக உரிக்க உரிக்க மரமே இல்லாமல் போய், நடுவில் வெள்ளைத் தண்டு மட்டும் மிஞ்சும். வாழைப்பட்டை நீளமாக இருக்கும், மெலிதாக இருக்கும், ஒரு பக்கம் பரந்திருக்கும். காய்ந்தால் நாராகக் கிழித்துப் பூக்கட்டலாம். பட்டை என்ற சொல்லின் ஆதிப்பொருளை இதைவிடத் தெளிவாக அகராதியில் பார்த்துவிட முடியாது: நீளமாக ஓடுகிற தட்டைப் பரப்பு.

இங்கிருந்து கிளைகள் பிரிகின்றன. மரத்தின் மேல்தோல் மரப்பட்டை. பிரியாணிக்குப் போடும் பட்டையும் ஒரு மரத்தின் தோல்தான். ரேணுகாம்பாள் திருநீற்றை மூன்று விரலால் நெற்றியில் இழுத்தால் மூன்று பட்டை. சேலையில் கரைக்கு மேலே ஓடும் நிறக்கோடும் பட்டை. வைரத்தில் தட்டையாகத் தீட்டிய முகம் பட்டை. பட்டை தீட்டுதல் என்று மனிதர் அறிவுக்கும் சொல்கிறோம். கோயில் அடித்தளத்தில் குமுதத்துக்கும் கண்டம் என்ற உறுப்புக்கும் மேலே ஓடும் நீண்ட தட்டை உறுப்பு பட்டிகை. கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் தட்டையான அடைகல்லுக்குப் பட்டடை, பட்டறை என்ற பெயர்கள் இருந்தன. இன்று அந்த அடைகல்லின் பெயர் தொழில் நடக்கும் கொட்டகைக்கே ஆகிவிட்டது.

பட்டம் இன்னொரு கிளை. அரசர் நெற்றியில் கட்டிய பொன் தகடு பட்டம். கட்டினார்கள், அதனால்தான் இன்றும் பட்டம் கட்டுதல் என்கிறோம். தகடு போய்ப் பெருமை மட்டும் நின்றது. பல்கலைக்கழகம் தருவதும் பட்டம் ஆயிற்று. பட்டயம் என்றால் செப்புத் தகட்டில் வெட்டிய ஆவணம். என் அண்ணன் மகள் படிப்பதும் பட்டயப் படிப்பு; அவள் கையில் வாங்கப்போவது தாள்தான், பெயர் மட்டும் செம்பில் இருந்து வந்தது. நிலத்துக்குப் பட்டா என்பதும் இந்த வரிசைதான். வடமொழியில் பட்ட என்ற சொல் பலகை, தகடு, துணிக்கீற்று என்று இதே பொருள்களில் புழங்குகிறது. துணியைக் குறிக்கும் பட என்ற சொல்லோடு சேர்த்து இதையும் ஆரியத்துக்கு வெளியிலிருந்து வந்ததாகக் கருதிய வடமொழிச் சொற்பிறப்பாளர்கள் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்ற வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இரு பக்கமும் மாறி மாறிப் பண்டமாற்று நடந்திருக்கிறது, அவ்வளவு தெரிந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

உறவில்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். மாட்டுப் பட்டி வேறு. ஊர்ப்பெயர்களின் கடைசியில் வரும் பட்டி வேறு. அவை அடைத்துக் காக்கும் இடத்தைக் குறிப்பவை, தட்டைப் பரப்போடு அவற்றுக்குத் தொடர்பில்லை. படைவீட்டின் படையையும் பட்டையையும் படு என்ற ஒரே வேரில் கோத்து எழுதிவிடக் கை பரபரக்கிறது. படை என்பதற்கு அடுக்கு என்றும் பொருள் இருப்பதால் ஆசை இன்னும் கூடுகிறது. கல்வெட்டுப்போல ஒரு சாட்சி கையில் இல்லாமல் எழுதமாட்டேன்.

பள்ளிப் பாடநூல்கள் இந்தச் சொல்லை மறக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கண்ணாடித் துண்டு முப்பட்டகம். வடிவியலில் அதன் பொதுப்பெயர் பட்டகம். படவேட்டுத் தூணின் கட்டுப் பகுதியைக் கணக்காசிரியர் எண்கோணப் பட்டகம் என்பார். பட்டைகள் மேலே போய் ஒரு முனையில் கூடினால் பட்டைக்கூம்பு, அதாவது பிரமிடு. கிரேக்கர்கள் பட்டகத்தை அழைத்த பெயருக்கு அறுக்கப்பட்டது என்று பொருள். ரம்பம் பிடித்த தச்சனின் சொல். அறுத்த பின் மிஞ்சும் பக்கத்தைப் பார்த்துப் பெயரிட்டது தமிழ். பல பக்கமுள்ள திண்மங்களுக்கு அவர்கள் இருக்கை என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்தார்கள்; எந்தப் பக்கம் கீழே உட்காரும் என்பதே அவர்களின் பார்வை. ஆங்கிலம் சிறுமுகம் என்கிறது. நாமும் நான்முகி, எண்முகி என்று முகத்தைக் கொண்டு பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் முகம் எந்த வடிவமாகவும் இருக்கலாம். பட்டை என்றால் நீளமாக ஓடியே ஆக வேண்டும். அந்த நுட்பம் முகத்தில் இல்லை.

இதை அவளே நிரூபித்தாள். உருளைக்குப் பிறகு கோளம் வரைந்தாள். கோளத்துக்கு இரண்டு எண் கேட்கிறது நூலகம்: சுற்றுவாக்கில் எத்தனை, மேலிருந்து கீழாக எத்தனை. குறைந்த எண் கொடுத்துப் பார்த்துவிட்டு, “இது கட்டம் கட்டமா வருது” என்றாள். பட்டை என்று சொல்லவில்லை. கூம்பை வரைந்தபோது மறுபடியும் பட்டை வந்தது. கூம்புக்கென்று தனிக் கணக்கு அந்த நூலகத்தில் கிடையாது. மேல் ஆரம் சுழியாகிப்போன உருளைதான் கூம்பு. ஓப்பன்ஜிஎல்லோடு வந்த பழைய துணை நூலகத்திலும் உருளைக் கட்டளையில் மேல் ஆரத்துக்குச் சுழி கொடுத்துத்தான் கூம்பு வரைவார்கள்.

கூம்பு, உருளை இரண்டும் வினையின் வயிற்றில் பிறந்தவை. மாலையில் தாமரை கூம்பும், கைகள் கூம்பும். ஒடுங்கிக் குவியும் செயலே உருவத்தின் பெயராயிற்று. கிரேக்கரின் கூம்பு பைன் மரத்துக் காயின் பெயர். உருளையில் மட்டும் அவர்களும் நாமும் ஒன்று, இரண்டு மொழியிலும் அது உருள்வது. கூம்பின் தலையை வெட்டினால் கிடைப்பதற்குப் பத்தாம் வகுப்புப் பாடநூல் இடைக்கண்டம் என்கிறது. அங்கே கண்டம் துண்டு. கோயில் அடித்தளத்தில் குமுதத்துக்கு மேலே உள்ள கண்டம் கழுத்து. வடமொழியில் இரண்டும் வேறுவேறு எழுத்து. தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. மண்டபத்தில் நின்று கண்டம் என்று சொல்லும்போது மாணவருக்கு இதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

பட்டையை மறைக்கும் வித்தையும் உண்டு. அவள் எடுத்த பாடத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே நிறம் பூசும் அமைப்பு இருந்தது. மாலையில் அதை நீக்கிப் பார்த்தாள். எட்டு எட்டாகவே இருந்தது, உடம்பு மட்டும் வழுவழுவென்று உருண்டுவிட்டது. உச்சியின் விளிம்பில் எட்டு மூலையும் அப்படியே நின்றன. உடம்பு உருளை, தலை எட்டுப்பட்டை.

இந்த வித்தையைக் கண்டவர் பிரெஞ்சுக்காரர் ஹென்றி கூரோ. 1971இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில். புள்ளிக்குப் புள்ளி ஒளியைக் கணக்கிட்டு, நடுவில் உள்ள பரப்புக்கு அதைச் சிறிது சிறிதாகப் பரப்பினால் விளிம்பு மறையும் என்றார். முழுவதும் மறையவில்லை. ஒளி மாறும் வேகம் சட்டென்று திரும்பும் இடத்தில், அங்கே இல்லாத ஒரு வெளிச்சக் கோட்டைக் கண் தானாகப் போட்டுக்கொள்கிறது. எர்ன்ஸ்ட் மாக் 1865இலேயே இதை ஆராய்ந்திருந்தார். மாக் பட்டைகள் என்று தமிழில் சொல்லிவிடலாம். கல்லில் இருந்த பட்டை கணக்கில் ஒளிந்தது. கண்ணில் மறுபடி முளைத்தது. அதே யூட்டாவில் வியட்நாமிலிருந்து வந்த புய் துவோங் ஃபோங் 1973இல் ஒளியைப் பரப்பாமல் பரப்பின் திசையையே பரப்பும் வழியைக் கண்டார். இரண்டு ஆண்டில் இறந்துபோனார். இன்று திரையில் நாம் பார்க்கும் வழுவழுப்பில் பெரும்பகுதி அவர் காட்டிய வழி. படவேட்டுத் திண்ணையில் அந்த உருளை உருண்டபோது அவர் பெயரைச் சொல்லித்தான் அதை விளக்கினேன்.

இந்தத் துறையில் உள்ளவர்கள் லைப்ரரி என்றே சொல்கிறார்கள். எழுதும்போது நூலகம் என்கிறோம். நூல் என்றால் எழுதிய சுவடி மட்டுமல்ல, காவி தோய்த்துக் கல்லில் அடிக்கும் இழையும் நூல்தான். எங்கே வெட்ட வேண்டும் என்று சிற்பிக்குக் காட்டுவது அந்த இழை. புள்ளி எங்கே, கோடு எங்கே என்று நிரலுக்குக் காட்டுவது நூலகம். புத்தகம் என்ற பொருளைவிட இந்தப் பொருளில்தான் அந்தப் பெயர் எனக்குச் சரியாகப் படுகிறது.

இரவு அவள் தன் நிரலைத் திறந்து வைத்தாள். அந்த நான்காவது எண்ணைத் தனியாக எடுத்து, அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் மொழி எந்த எழுத்திலும் பெயர் வைக்க இடம் கொடுக்கிறது என்றேன். தமிழில் வைத்தால் பிழை காட்டும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். விசைப்பலகையை மாற்றி, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, பட்டை என்று அடித்தாள். டகர ஒற்றில் புள்ளி சரியாக விழுகிறதா என்று குனிந்து பார்த்தாள். சமக்குறி போட்டாள். ஓடியது.

முதலில் 32 கொடுத்தாள், உருண்டது. 16 கொடுத்தாள். பிறகு ஒரு தூணை மூன்று துண்டாகப் பிரித்தாள். அடியில் சதுரம், நடுவில் உருளை, மேலே சதுரம். நடுத்துண்டுக்குப் பட்டை 8 என்று கொடுத்து, வழுவழுப்பை நீக்கினாள். விளக்கை இடப்பக்கம் சாய்வாக நகர்த்தினாள். ஒரு பக்கம் மஞ்சளாகவும் அடுத்தது சாம்பலாகவும் அதற்கடுத்தது கறுப்பாகவும் ஆனது. இன்னும் கொஞ்சம் கீழே இறக்கு, காலை எட்டு மணி வெயில் அவ்வளவு உயரத்தில் இல்லை என்றேன். இறக்கினாள்.